மாம்பழப் புகை

காப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தால் எந்த மனுஷியும் முதல் மடக்கிலேயே டம்ளரை விட்டெறிவாள். கொஞ்சம் குறி தெரிந்தவளாக இருந்தால் கொடுத்தவன் மண்டையைப் பார்த்து எறிவாள். வடிவாம்பாளோ மடக் மடக்கென்று குடித்து முடித்துவிட்டு, "போதும்லே" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

சங்கிலிப்பாண்டி டம்ளரின் அடியைப் பார்த்தான். கரையாத கல்லுப்பு இரண்டு அவனைப் பார்த்துப் பல்லை இளித்தது.

வடிவாம்பாள் சாதாரண ஆள் இல்லை. குற்றப்பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் அவள் ஜீப் சத்தம் கேட்டால் செங்கோட்டைத் திருடன் புனலூர் ரயிலைப் பிடிப்பான். அதுவும் முறையாக டிக்கெட் எடுத்துக்கொண்டு. வேலையை விட்டுவிட்டு மேலகரத்தில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்த பிறகும் அந்தப் பயம் ஊரில் குறையவில்லை. ஆனால் பங்குனியில் அவள் புருஷன் வல்லிநாயகம் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அழவில்லை, சிரிக்கவில்லை, யாரையும் திட்டக்கூட இல்லை. வேலை மட்டும் நடந்தது, கரண்டு போன வீட்டில் கடிகாரம் ஓடுகிற மாதிரி.

டாக்டர்கள் இதற்கு ஆயிரம் பரிசோதனை வைத்திருக்கலாம். வேன் டிரைவராக வந்து உதவியாளராகப் பதவி உயர்ந்த சங்கிலிப்பாண்டிக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றுதான். தினமும் பிளாஸ்கில் உப்புக் காப்பி. என்றைக்கு அவள் காறித் துப்புகிறாளோ அன்றைக்கு மேடம் திரும்பி வந்துவிட்டாள் என்று அர்த்தம். இதுவரை வரவில்லை.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப் பெஞ்சில் ஆவுடைத்தாய். குற்றாலத்தில் மூலிகைத் தைலக் கடை வைத்திருப்பவள். சீசனுக்கு வருகிற பாதித் தமிழ்நாட்டின் முதுகுவலி அவள் எண்ணெயில்தான் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பது ஊர்ப்பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி முத்துச்செல்வம் வாயில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் தூக்கி வளர்த்தது. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறேன் என்று தினமும் காலையில் ஆயிரப்பேரி ஊர் வரைக்கும் ஓடி, ஓடின காலோடு திரும்பி வந்தவன், இப்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிறான்.

"இந்தாங்க மேடம், அந்தச் சவம்." ஆவுடைத்தாய் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு பாட்டிலை நீட்டினாள். சுண்டுவிரல் உயரம். மேலே மாம்பழப் படம். "சிகரெட்ட விட்டுட்டேன்க்கான்னு சொன்னான். சந்தோசப்பட்டேன். பாத்தா பேனா மாதிரி ஒண்ண வாயில வச்சு இழுக்கான். இதத்தான் அதுல ஊத்துவான். வித்தவன் என்ன விசத்தக் கலந்தான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன நான் சும்மா விடமாட்டேன்."

சபதம்தான். ஆனால் பலசரக்குக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்கிற குரலில் வந்தது. கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. சங்கிலிப்பாண்டி அவளைப் பார்த்தான், பக்கத்தில் மேடத்தைப் பார்த்தான். எதிரெதிரே இரண்டு கருங்கல்.

"எங்க வாங்குனான்?"

"குத்தாலத்துல, பழக்கடையிலன்னான். எந்தக் கடைன்னு கேக்கதுக்குள்ள மூச்சு முட்டிருச்சு."

"நல்ல அடையாளம்," என்றான் சங்கிலிப்பாண்டி. "குத்தாலத்துல பழக்கடையத் தேடுகது, திருச்செந்தூர்ல மொட்டையத் தேடுகது மாதிரி."

வடிவாம்பாள் சிரிக்கவில்லை. எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள். அவனும் பின்னாலேயே போனான்.

டாக்டர் வித்யாலட்சுமி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். நுரையீரல் இரண்டும் சாரல் பிடித்த மலை மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

"கிருமின்னு நினைச்சு ஆன்டிபயாடிக் கொடுக்கறேன். கேக்கல. கிருமின்னா ஒரு வைத்தியம், வேற எதுவும் உள்ள போயிருந்தா அதுக்கு நேர் எதிரான வைத்தியம். தப்பான பக்கம் போனேன்னா பையன் போயிருவான். பாட்டில லேபுக்கு அனுப்பலாம். பதில் வரது வரைக்கும் அவன் தாங்கமாட்டான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்."

"இதுல என்னதான் இருக்கும் டாக்டர்?"

"முறையா செஞ்ச இ-சிகரெட் திரவம்னா புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், கொஞ்சம் வாசனை. இதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நம்ம நாட்டுல இதச் செய்யவும் கூடாது, விக்கவும் கூடாது. விக்கக் கூடாத சாமான யாரு சோதிச்சு முத்திரை குத்துவா?"

"அப்ப கடலமிட்டாய்க்கு உள்ள மரியாத கூட இதுக்குக் கெடையாது," என்றான் சங்கிலிப்பாண்டி. "அதுலயாச்சும் எத்தன தேதிக்கு மேல தின்னா வயித்தால போகும்னு போட்டிருப்பான்."

"முத்திரை குத்தினாலும் முழுசா நம்பறதுக்கில்லங்க. வாசனைச் சரக்கெல்லாம் சாப்பாட்டுல சேக்கலாம்னு சொன்னதுதான். பாப்கார்ன்ல வெண்ணெய் மணத்துக்கு ஒண்ணு போடுவாங்க. தின்னா ஒண்ணும் செய்யாது. சூடான ஆவியா மூச்சுல போனா நுரையீரல் தழும்பாகிப் போகும். வாய் ஒரு வீடு, மூச்சு ஒரு வீடு. அங்க நல்ல விருந்தாளி இங்க வந்து கொலை பண்ணுவான்."

வடிவாம்பாள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

ஆம்னி வேன் குற்றாலத்தை எட்டியபோது சாரல் என்றால் சாரல், அப்படியொரு சாரல். மீன்கள் ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. நனையாத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதிலும் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. பேரருவியில் கூட்டம் வரிசை கட்டி நின்றது. எண்ணெய் தேய்த்த தொப்பைகள் வெயிலே இல்லாமல் மினுமினுத்தன. ரோட்டின் இருபுறமும் பழக்கடைகள். பலா, ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன், கொய்யா.

"எங்கன இருந்து ஆரம்பிக்க மேடம்? ஒவ்வொரு கடையிலயும் ஒரு பழம் தின்னு பாத்தாத்தான் தெரியும். கஷ்டமான வேலதான். நான் செய்யுதேன்."

வடிவாம்பாள் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கிறாளா, சும்மா கண் திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியாத பார்வை. அருவிச் சத்தம் காதைப் பிளந்தது. அவள் முகத்தில் அது பட்டு வழிந்து போய்க்கொண்டே இருந்தது.

"குரங்கப் பாருலே."

"பாத்தேன். எங்க சித்தப்பா ஜாட."

"எல்லாக் கடையிலயும் கம்ப வச்சு விரட்டுதான். அந்தப் பச்சத் தார்ப்பாய்க் கடையப் பாரு. பலாவுக்குக் கம்பத் தூக்குதான். ரம்புட்டானுக்குத் தூக்குதான். ஓரத்துல இருக்க மங்குஸ்தான் கூடைக்குத் தூக்கல. குரங்கும் அது பக்கம் போகல."

"குரங்குக்கு மங்குஸ்தான் ஆகாதோ என்னமோ. சுகரு கிகரு இருக்கும்."

"ஆகும்லே. உள்ள பழம் இருந்தா ஆகும்."

சங்கிலிப்பாண்டியின் மீசை தானாக நிமிர்ந்தது. அந்த மீசை நிமிர்ந்தால் இந்தப் பக்கம் இலஞ்சியையும் அந்தப் பக்கம் வல்லத்தையும் தொடும். குற்றாலத்தில் குரங்கு திருடாத சாமான் உண்டா? ஒருமுறை மாலைக் கழுத்தோடு அருவிக்கு வந்த புது மாப்பிள்ளையின் மாலையைத் தின்றுவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணின் தாலிக்கயிற்றையும் ருசி பார்க்கப் போன ஜாதி அது. அது ஒரு பழக்கூடையை மதிக்காமல் போகிறது என்றால் கூடையில்தான் ஏதோ குறை.

அவர்கள் பார்க்கப் பார்க்கவே இரண்டு கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு மங்குஸ்தான் வாங்கினார்கள். உரிக்கவில்லை, தின்னவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

சங்கிலிப்பாண்டி கடை முன்னால் போய் நின்றான். "அண்ணாச்சி, ஒரு மங்குஸ்தான்."

கடைக்காரன் விஜயசங்கர் அவனை மேலும் கீழும் அளந்தான். "ஒரு கிலோவா?"

"ஒண்ணு."

"ஒங்க ஒடம்புக்கு ஒண்ணா?"

"டயட்டு."

விஜயசங்கர் முன்னால் இருந்த நல்ல மங்குஸ்தான் கூடையில் கையை விட்டான். சங்கிலிப்பாண்டி ஓரத்துக் கூடைக்குக் கையை நீட்டினான். தடுக்க வந்த கையும் இவன் கையும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. ஒரு நொடி கைகுலுக்கின மாதிரி இருந்தது. கடைக்காரன் முகத்தில் இரத்தம் சுண்டிவிட்டது. சங்கிலிப்பாண்டி எடுத்த பழம் இரண்டாகப் பிரிந்தது. வெறும் ஓடு, பசை போட்டு ஒட்டியது. உள்ளே மாம்பழப் படம் போட்ட பாட்டில், சீல் உடையாமல்.

"அட, கொட்ட பெருசா இருக்கே," என்றான் சங்கிலிப்பாண்டி.

வடிவாம்பாள் வந்து நின்றாள். விஜயசங்கர் அவளை யாரென்று தெரிந்துகொண்டான். அந்த நிமிஷம் ரயில் இருந்திருந்தால் அவனும் டிக்கெட் எடுத்திருப்பான்.

"மேடம், சத்தியமா நான் எதுவும் கலக்கல. வந்தத வந்தபடி விக்குதேன். மூடியத் தெறந்தது கூட இல்ல."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா தம்பி?"

"எழுதிருக்குல்லா."

"என்ன எழுதிருக்கு?"

"இங்கிலீசுல எழுதிருக்கு."

"நீ படிச்சியா?"

"எனக்கு இங்கிலீசு தெரியாது மேடம். வெறும் தண்ணி ஆவிதான், ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லித்தான் எனக்குக் குடுத்தாவ. நானும் அதையே சொல்லி..."

"தண்ணி ஆவியா?" வடிவாம்பாள் அருவிப் பக்கம் திரும்பினாள். "அந்தா வருது பாரு, தண்ணி ஆவி. ஊரே சும்மா இழுத்துட்டுப் போகுது. அதுக்கு எவனாச்சும் ஒங்கிட்ட வந்து காசு குடுப்பானா?"

குரலில் கோபம் இல்லை. விஜயசங்கர் குரங்கு விரட்டுகிற கம்பைக் கீழே வைத்தான். சங்கிலிப்பாண்டி வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு, முத்துச்செல்வத்தின் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே படம், ஒரே எழுத்து. முத்துச்செல்வத்தின் பாட்டில் மூடியைத் திறந்தான். ஒரு துளி விரலில் ஒட்டியது. புத்தி சொல்லுவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. அவன் வாழ்க்கையில் எப்போதுமே அப்படித்தான்.

"என்னலே செய்யுத!"

"மாம்பழம்னு போட்டிருக்கே, பங்கனப்பள்ளியா கிளிமூக்கான்னு..." அதோடு பேச்சு நின்றது. பிறந்ததிலிருந்து நிற்காத பேச்சு. பிரசவத்தில் நர்ஸ் தட்டுவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்தவன் என்று அவன் அம்மா சொல்லுவாள். இப்போது நாக்கு வாய்க்குள் யாரோ விட்டுப்போன செருப்பு மாதிரி கிடந்தது.

"துப்பு. கொப்புளி. விசத்த நக்கிப் பாக்குத மூதி." வடிவாம்பாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் குழாயடி மாதிரி கொப்புளித்துத் துப்பினான். "இனிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"எரிஞ்சுதா?"

கொஞ்சம்.

"மரத்துப் போச்சா?"

கண்ணை அகல விரித்துத் தலையாட்டினான். வடிவாம்பாள் இரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டாள்.

அருவித் தண்ணீர் ஓடி வருகிற வாய்க்கால் கடைக்குப் பின்னாலேயே போனது. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐஸ்கட்டியைப் போட்டால் அது போர்வை கேட்கும். வடிவாம்பாள் படியில் குந்தி உட்கார்ந்து, டீக்கடைக்காரரிடம் வாங்கின இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டாள். மங்குஸ்தான் ஓட்டுக்குள் இருந்த பாட்டிலின் சீலை உடைத்து முதல் டம்ளரில் சொட்டினாள். சொட்டு நூல் மாதிரி இழைந்து கீழே இறங்கி, சர்க்கரைப் பாகு கரைகிற மாதிரி காணாமல் போனது.

முத்துச்செல்வத்தின் பாட்டிலை இரண்டாவது டம்ளரில் கவிழ்த்தாள். சில சொட்டு கரைந்தது. மற்றது கரையவில்லை. மேலே மிதந்து வட்ட வட்டமாகக் கண் விழித்துப் பார்த்தது.

விஜயசங்கர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எஞ்சரக்கு இல்ல!" என்று கூவினான். சாரலிலும் அவனுக்கு வேர்த்திருந்தது.

"பொறு." அவள் அந்தச் சின்னப் பாட்டிலை ஓடுகிற தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். கை விறைத்திருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. வலிக்கிற மாதிரியும் தெரியவில்லை. சங்கிலிப்பாண்டிக்குத்தான் பார்க்கப் பார்க்கக் கை கடுத்தது. இரண்டு பஸ் வந்து போகிற நேரம் கழித்து வெளியே எடுத்தாள். பாட்டிலின் அடிப்பாகம் தெளிவாக ஆடியது. மேல்பாகம் ஆடவில்லை. வெண்ணெய் கட்டி மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது.

தென்காசிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சாரல் மாதத்தில் எந்த வீட்டிலும் குளியலறை மாடத்தில் இருக்கிற பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. குச்சியை விட்டுக் கிளற வேண்டும், இல்லை வெயில் வரும் வரை தலையை வாராமல் இருக்க வேண்டும்.

"தேங்காயெண்ண!" சங்கிலிப்பாண்டியின் நாக்கு பாதிதான் திரும்பியிருந்தது. சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"சீலு போட்ட பாட்டில்ல இல்ல. வித்த பெறகு யாரோ ஊத்திருக்காவ." வடிவாம்பாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "பல்லு வலிச்சா ஒங்க வீட்டுல என்ன வைப்பாவ?"

"கிராம்புத் தைல..."

அவன் முழுதாகச் சொல்லவில்லை. காலையில் அந்தக் கைக்குட்டையை அவிழ்த்த கை அவன் நினைவுக்கு வந்தது. வராந்தாவில் டெட்டால் வாசனையையும் தாண்டி அந்தக் கையில் கிராம்பு மணத்தது. தைலக் கடைக்காரி கை, மணக்காமல் என்ன செய்யும் என்று அப்போது விட்டுவிட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பூட்டின கடையின் மேலே பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆவுடை மூலிகைத் தைலக் கடை.

நாக்கு மரத்தபடியே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

வடிவாம்பாள் போனை எடுத்தாள். "டாக்டர், கிருமி இல்ல. எண்ண. தேங்காயெண்ணயில காச்சின கிராம்புத் தைலம். அதச் சூடு பண்ணி இழுத்திருக்கான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

மறுபக்கம் நாற்காலி நகர்கிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. பிறகு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த போன் போலீசுக்கு. விஜயசங்கரையும் அவன் கூடையையும் அவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன உடனே ஒரு குரங்கு வந்து நல்ல கூடையில் உட்கார்ந்து வியாபாரத்தைத் தொடர்ந்தது.

திரும்பும்போது மேலகரம் வரைக்கும் வேனுக்குள் வைப்பர் மட்டும்தான் பேசியது. பிறகு சங்கிலிப்பாண்டியால் முடியவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன். அந்தப் பழக்கடைக்காரன் எப்படியும் உள்ள போறவன். இதையும் சேத்து அவன் தலையில வச்சா அவனுக்கு என்ன கொறஞ்சிரப் போவுது? டாக்டருக்கு வேண்டியது தெரிஞ்சிட்டு. பய பொழச்சாப் போதும். அந்த அக்காட்ட எதுக்குச் சொல்லணும்?"

வடிவாம்பாள் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ கடையில அந்த எண்ண இன்னும் இருக்குலே."

"இருக்கட்டுமே."

"பய பொழச்சு வீட்டுக்கு வருவான். திரும்பவும் எவனாச்சும் ஒரு பேனாவ விப்பான். இவன் வாங்குவான். அவ திரும்பவும் ஊத்துவா. பாசமா ஊத்துவா. நாம பொய்யச் சொல்லிட்டுப் போனா, அன்னைக்கு அவன் சாவுக்கு நாமதான் காரணம்."

சங்கிலிப்பாண்டி கியரை மாற்றினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வித்யாலட்சுமி எதிரே வந்தாள். "ஆன்டிபயாடிக்க நிறுத்திட்டேன். எண்ணெய்க்கு உள்ள வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. இவ்வளவு நேரம் இருட்டுல சுட்டுட்டு இருந்தேன், இப்ப குறி தெரியுது. பொழச்சிருவான்னுதான் நினைக்கேன். மறுபடியும் ஓடுவானான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க."

ஆவுடைத்தாய் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது.

"கலந்தது யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?"

வடிவாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பாட்டில்ல நீ எதுவும் ஊத்துனியா ஆவுடை?"

"ஆமா." யோசிக்கவே இல்லை. "பாதிய வாசல்ல கொட்டிட்டு நம்ம எண்ணய ஊத்தி வச்சேன். அவனுக்குத் தெரியாது. சொல்லிச் சொல்லிப் பாத்தேன் மேடம், விடமாட்டேங்கான். தொண்ட எரியுதுக்கான்னும் சொல்லுதான். சரி, இழுக்கதுதான் இழுக்கான், அந்தக் கெமிக்கல் பாதியாச்சும் கொறையட்டுமேன்னு. செக்குல ஆட்டுன எண்ண. மலையில வெளஞ்ச கிராம்பு. நானே காச்சினது. பச்சப்பிள்ளைக்குச் சளி கட்டுனா நெஞ்சுல தடவிட்டுப் போறாவ."

"காலையில ஏன் சொல்லல?"

ஆவுடைத்தாய் அவளைப் புரியாமல் பார்த்தாள். "நான் விசத்தத்தான தேடச் சொன்னேன்? அது மருந்துல்லா."

சங்கிலிப்பாண்டி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தான். மொத்தத்தையும் படித்தான். ஒரு எழுத்தும் உள்ளே போகவில்லை.

"தாயி," என்றாள் வடிவாம்பாள். "நெஞ்சுக்கு மேல தடவுகது ஒரு வீடு. நெஞ்சுக்கு உள்ள இழுக்கது வேற வீடு. அவன் நெஞ்சுக்குள்ள அடச்சிருக்கது அந்த எண்ணதான்."

வராந்தாவின் கடைசியில் ஒரு சக்கர நாற்காலி கிரீச்சிட்டுக்கொண்டு போனது. ஆவுடைத்தாய் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தாள், யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி.

"அப்ப அந்தப் பழக்கடைக்காரன் வித்தது?"

"அதுவும் விசந்தான். அவனப் பிடிச்சாச்சு. ஆனா முத்துச்செல்வத்தப் படுக்க வச்சது அது இல்ல."

"சரி," என்றாள் ஆவுடைத்தாய். "பொழச்சிருவான்லா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்லுதா."

"சரி."

வடிவாம்பாள் திரும்பாமலே கையை நீட்டினாள். சங்கிலிப்பாண்டிக்கு அந்தக் கை பழக்கம். பிளாஸ்கைத் திறந்து காலையில் கலந்த காப்பியை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். வழக்கமாக அந்த டம்ளர் அவள் வாய்க்குத்தான் போகும். இன்றைக்கு அவள் அதை ஆவுடைத்தாயின் கையில் வைத்தாள்.

"குடி. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலல்லா."

"மேடம், அது..." என்று சங்கிலிப்பாண்டி ஒரு அடி எடுத்து வைத்தான். எப்படிச் சொல்வது? அதற்குள் ஆவுடைத்தாய் டம்ளரைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"போதும் மேடம்," என்று டம்ளரை நீட்டினாள்.

வடிவாம்பாள் டம்ளரை வாங்கினாள். சங்கிலிப்பாண்டியின் முகத்தைப் பார்த்தாள். கொலைகாரன் முகத்தில் கூட அத்தனை குற்றத்தை அவள் பார்த்ததில்லை. டம்ளரின் அடியைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த சொட்டை நாக்கில் கவிழ்த்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவள் புருவம் சுருங்கியது. உதடு கோணியது. எழுந்து வராந்தாவின் விளிம்புக்குப் போய்க் காறித் துப்பினாள் பாருங்கள், கீழே குரோட்டன்ஸ் செடி குனிந்து வழிவிட்டது. கேட் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார்.

"ஏலே சங்கிலி."

"மேடம்."

"இது உப்புல்லா."

"கல்லுப்பு மேடம்."

"இன்னைக்கு மட்டுமா, தெனமுமா?"

அவன் பிளாஸ்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவள் அவனைப் பார்த்தாள். அதன் பிறகு ஆவுடைத்தாயைப் பார்த்தாள். உப்பைக் குடித்துவிட்டு உப்பென்று தெரியாமல் கையை மலர்த்தி வைத்திருக்கிற அவளை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கிராம்பு மணக்கிற அந்த இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயி ரெண்டு காப்பி வாங்கிட்டு வாலே," என்றாள். "சீனி போட்டு."

சங்கிலிப்பாண்டி கான்டீனைப் பார்த்து நடந்தான். இதற்குச் சொல்ல அவனிடம் கேலிகள் வரிசை கட்டி நின்றன. கிராம்புத் தைலத்தின் மரப்பு எப்போதோ விட்டுப்போயிருந்தது. நாக்குத்தான் அசைய மாட்டேன் என்றது.